மாடியில் இரண்டு பச்சை

விஸ்வநத்தம்
வைகாசி 9

அன்பு மகள் சுப்புலட்சுமிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே உன் அண்ணன் மணிமுத்துவிடம் சண்டைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம், கடைசிவரை படி.

அவனுடைய அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு நீ வரைந்து கொடுத்த பசுமைக் கூரையை அவன் போட்டோ எடுத்து அனுப்பினானே, அதை அடுத்த மாதம் சென்னைக் கூட்டத்தில் காட்டப் போவதாகச் சொன்னாய். நேற்று அந்த மாடியில் ஏறினேன். அவன் அறைக்கு மேலே நீ சொன்னபடியே மண், செடி, கொடி. மத்தியானம்வரை ஏசியே போடுவதில்லையாம். கரண்டு செலவு குறைந்ததில் போட்ட காசு திரும்பிவிடும் என்று பெருமைப்பட்டான். பெண்கள் பெட்டி ஒட்டும் கூடத்துக்கு மேலே பிளாஸ்டிக் புல். கல்யாண மண்டபத்தில் விரிப்பார்களே, அது. போட்டோவில் உனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்திருக்கும்.

ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று வகுப்பில் நடத்துவேன். செடியும் மண்ணும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பிளாஸ்டிக் என்ன செய்யும் என்பது வெயிலில் நின்ற பைக் சீட்டில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். மலிவு என்கிறான். வெயிலில் நொறுங்கி அடிக்கடி மாற்ற வேண்டியது எப்படி மலிவாகும்? மண் போட்டிருந்தால் தளமாவது வெடிக்காமல் இருக்கும். அந்தக் கூடத்தில் காற்றாடியும் போட முடியாது. லேபிள் பறக்கும், பசை காய்ந்துவிடும். கூரை ஒன்றுதான் அவர்களுக்குக் கதி.

இந்தப் புல்லை நம்பி ஆட்டை ஏற்றிவிட்டால் பட்டினியிலேயே செத்துப்போகும் சார் என்றாள், கூடத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முருகேஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. போன வாரம் அவள் பக்கத்தில் இருந்த வள்ளித்தாய், வெக்கை தாங்காமல், கையில் பசையோடு அப்படியே சரிந்திருக்கிறாள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்க்கப் போகிறவர்கள் யாரையும் அவளுக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை.

கூடத்துக்கு மேலே மட்டும் ஏன் செடி போடவில்லை என்று மணிமுத்துவிடம் கேட்டேன்.

"ஆர்டர் குடுக்க வர்றவுக என் ரூம்லதானப்பா உக்காருவாக. ஒட்டுறவுகளுக்கு வெயில் பழகிருச்சு."

என் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது இது. அவன் நீட்டிய மோரைத் தொடாமல் இறங்கிவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடவில்லை; அம்மாவிடம் வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் போட்டோவைக் கூட்டத்தில் காட்டாதே அம்மா. அதன்கீழ் உன் பெயர் இருக்கும். ஒரு நடை வந்து போ. அண்ணன் அறைக்குப் போகாதே. உச்சி வெயிலில் நேரே கூடத்துக்கு வந்து முருகேஸ்வரி பக்கத்தில் உட்கார். அங்கே ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நீ நல்லாயிருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அப்பா
சோலைமலை