உங்கப்பாவின் கட்டை விரலும் ஒரு டேப் கட்டரும்

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நான் நன்றாக இருக்கிறேன், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் விறைத்துப் போகாமல் நன்றாக இருக்க வேண்டும். உங்கப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அதில் எவ்வளவு உண்மை என்று கீழே படித்துத் தெரிந்துகொள். அடிக்கடி போனில் பேசுகிற அம்மாவுக்குத் திடீரென்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தாலே உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் எதையாவது உளறிவிடுவேன் என்று காவல். இப்போதும் எதிரில்தான் நிற்கிறார். பெட்டிக்குள் என்னென்ன வைத்தோம் என்று பட்டியல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது, கண்ணாடி என் மடியில் இருக்கிறது.

ஈஸ்டருக்கு அனுப்பிய பெட்டி உன் வீட்டு வாசலில் வாய் பிளந்து வந்து சேர்ந்ததே, மல்லாட்டைக் கடலைப் பொடியும் கேப்பை மாவும் கலந்து நான் வைத்த புடவை முழுக்க அப்பிக்கொண்டு, அதை நீ படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, அப்பா பேக்கிங் சூப்பர் என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை நாலு வைத்தாய். நீ விளையாட்டாகத்தான் போட்டாய். உன் மாமன் மணிமாறன் சும்மா இருப்பானா, முப்பது வருசம் கண்டக்டராக இருந்து ஊரார் மூட்டையெல்லாம் ஏற்றி இறக்கிய மனுசனுக்கு ஒரு பெட்டி கட்டத் தெரியவில்லையா என்று பேசியே அனுப்பினான். அதை உங்கப்பா ஏழு தடவை போட்டுக் கேட்டார். அடுத்த வாரம் நீ போனில், இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம்பா, இங்கேயே எல்லாம் கிடைக்கிறது என்றாய். நீ அவருடைய சிரமத்தை நினைத்துச் சொன்னாய், அவருக்கோ பஸ்ஸை விட்டு நடுவழியில் இறக்கிவிட்டது போல ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் விழுப்புரம் பஸ் ஏறிப் போய், கண்ணாடி போல இருக்கிற பேக்கிங் டேப் ஆறு ரோலும், சிவப்புக் கைப்பிடி வைத்து முன்னால் ரம்பம் போலப் பல் இருக்கிற டேப் கட்டர் ஒன்றும் வாங்கி வந்தார். திண்டிவனத்தில் இல்லாத டேப்பா என்று கேட்டேன், இங்கே வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். ரோலைத் திருப்பிப் போட்டு மாட்டினார். பசை இருக்கிற பக்கம் அட்டையில் படாமல் அவர் முன்னங்கையில் படிந்தது. பிய்த்து எடுத்தபோது வந்த முடியைப் பார்த்தால் ஒரு சின்னத் தலையணை தைக்கலாம். டேப்பின் நுனி ரோலோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிட்டது, அதை நகத்தால் சுரண்டித் தேடியே ஒரு காலைப் பொழுது போனது. கடைசியில் பக்கத்து வீட்டு ரோஜாவை நான்தான் கூப்பிட்டேன். அவள் போனிலேயே நைட்டி விற்கிறவள், ஒரு நாளைக்கு இருபது பார்சல் கட்டுகிறாள். இப்படி மாட்டணும் மாமா, இழுத்து வைத்து மணிக்கட்டைக் கீழே மடக்கினால் தானாக அறுந்துவிடும், மிச்ச நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டால் அடுத்த தடவை தேட வேண்டாம் என்று ஒரே நிமிசத்தில் காட்டிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும், இதெல்லாம் தனக்கு முன்னமே தெரியும் என்றார்.

அதன் பிறகு நம் வீட்டில் டேப் ஒட்டாத பொருள் நானும் கோழியும்தான். ரிமோட்டுக்கு டேப், விரிசல் விட்ட பக்கெட்டுக்கு டேப், அவர் செருப்பு வாருக்கு டேப், என் பைபிள் அட்டைக்கு டேப். கை ஒடிந்து அலமாரியில் இருந்த அந்தோணியாருக்கும் தோளைச் சுற்றி நாலு சுற்று. இப்போது அவரைப் பார்த்தால் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவர் போல இருக்கிறார். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர், உங்கப்பாவின் புத்தியை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படி. போன மாதம் ஒரு புதன்கிழமை, புது ரோல் மாட்டும்போது அந்தப் பல் அவர் வலது கட்டை விரலைக் கிழித்துவிட்டது. நல்ல ஆழம். என்னிடம் சொல்லவில்லை. துடைத்துவிட்டு அந்த டேப்பையே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார். சக்கரை இருக்கிற உடம்பு. ஆறு நாள் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார், நீ வீடியோவில் வந்தபோது இடது கையால் டாட்டா காட்டினார். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கேப்பைக் களிக்கு ஸ்பூன் கேட்டார். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருசத்தில் களியை ஸ்பூனில் தின்ற மனுசன் இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். டேப்புக்குள் விரல் வெளுத்து ஊதி, சீழ் கட்டி, மணிக்கட்டு வரைக்கும் சிவந்து கிடந்தது. அந்தப் பாழாய்ப் போன டேப் வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சக்கரை முந்நூற்று நாற்பது. எந்த மடையன் இதைச் சுற்றினான் என்று டாக்டர் கேட்டார். தண்ணி உள்ளே போகக் கூடாது என்று சுற்றினேன் என்று உங்கப்பா பெருமையாகச் சொன்னார். தண்ணீர் போகவில்லை, காற்றும் போகவில்லை, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். கிழித்துச் சீழை எடுத்து, நாலு நாள் படுக்கையில் வைத்து ஊசி போட்டார்கள். அந்த நாலு நாளில் நீ ரெண்டு தடவை கூப்பிட்டாய். படிக்கட்டில் நின்று பேசினேன், பின்னால் சத்தம் கேட்கிறதே என்றாய், கல்யாண மண்டபம் என்று புளுகினேன். அந்த ஊரில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர்களுக்கெல்லாம் நீ நர்சாக இருந்து காயம் துடைத்துக் கட்டுகிறாய், பெற்ற அப்பன் காயத்தை உன்னிடமே மறைத்தோம். அந்தப் பாவம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரெண்டாம் நாள் கட்டிலில் படுத்திருந்தவரிடம், இன்றைக்குப் புனிதாவிடம் சொல்லத்தான் போகிறேன் என்று போனை எடுத்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத சவுரி. லீவு போட்டுக்கினு கெளம்பி வந்துருவா. அப்புறம் அந்தப் பொட்டிய யாருக்கு அனுப்புறது?"

"வெரலு போவ இருந்துச்சு, ஒனக்குப் பொட்டி கேக்குதா?" என்றேன்.

"அவ வேணாம்னு சொன்னது இந்தப் பொட்டிய மட்டும்தானா, இன்னான்னு தெரியல" என்றார்.

வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது காயம் ஆறிவிட்டது. நகம் போய்விட்டது, அது வளருமாம். சக்கரை நூற்று அறுபதுக்கு வந்திருக்கிறது, சீட்டையும் படம் எடுத்து உனக்குத் தனியாக அனுப்புகிறேன், பார்த்துக்கொள். பெட்டி நேற்றிலிருந்து தயாராகிறது. கருவாடு போகாது என்று கூரியர்காரர் சொல்லிவிட்டார், அதற்கு உங்கப்பா ஒரு நாள் துக்கம் காத்தார். பொடி ஒவ்வொன்றும் மூன்று கவரில் இருக்கிறது. டேப் ஒட்டுவது இந்த முறை நான், கட்டரை அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் நின்று ரைட், ரைட், ஓல்டான் என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பழைய பஸ் நினைப்பு.

பெட்டியைப் பிரித்து இதைப் படித்ததும் உடனே போன் பண்ணு. என்னோடு அல்ல, அவரோடு பேசு. பெட்டி ஒரு மூலை கூட விரியாமல் வந்தது என்று முதலில் சொல், உடைந்தே வந்தாலும் அப்படியே சொல். அடுத்து என்ன அனுப்பப் போகிறீர்கள் என்று கேள். அதற்குப் பிறகு விரலைக் காட்டச் சொல்லி, உன் ஆஸ்பத்திரியே அதிரும்படி திட்டு. நான் குறுக்கே வர மாட்டேன்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொள். எவ்வளவு நேரம் ஒரு பட்டியல் எழுதுவாய் என்று உங்கப்பா இடது கையால் டேப்பை ஒரு முழம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பார்க்காத நேரம் கட்டரை எடுத்துவிட்டார். கீழே விட்டால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும் என்று அசையாமல் நிற்கிறார், நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பு. சவுரியம்மாள்