செவந்தியின் காலில் ஊற்றிய பால்

அன்னவாசல்,
3-2-56

அன்பு மகன் அடைக்கலத்துக்கு ஆத்தா கண்ணாத்தாள் எழுதிக்கொண்டது. ஈப்போவில் நீயும் மருமகள் சொர்ணமும் கருப்பர் காவலில் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை கூசுகிறது, உயிரோடு இருக்கிறோம் என்று வைத்துக்கொள். சொர்ணத்துக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, பிள்ளை பெற்ற பிறகு எதைக் கொடுக்கலாம் எதை விலக்கலாம், பத்தியத்தை விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் உன் தங்கை செவந்திக்கு நான் பத்தியம் பார்த்த லட்சணத்தைக் கேட்டுக்கொள்.

ஐப்பசியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும், உன் அத்தை பொன்னுத்தாய் வந்து உட்கார்ந்துகொண்டதும் உனக்குத் தெரியும். பால் குடித்தால் பிள்ளைக்குச் சளி, கீரை தின்றால் பிள்ளைக்கு வயிறு போகும், தண்ணீர் குடித்தால் தாய்க்கு வயிறு தொங்கும், வெயிலில் வந்தால் காற்றுக் கருப்பு என்று அத்தை சொல்லச் சொல்ல நானும் தலையாட்டினேன். மில்லில் தீட்டிய வெள்ளைச் சோறு, மிளகு பூண்டுக் குழம்பு, ஒரு துண்டு சுட்ட கருவாடு, அவ்வளவுதான். மூடிய அறைக்குள் கிடந்து பிள்ளைக்கு ஓயாமல் பால் கொடுத்தாள். இரண்டாம் மாதம் இடது கண் துடிக்கிறது என்றாள். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது, நாகராசு மாப்பிள்ளை நகை கொண்டுவரப் போகிறார் என்று அத்தை சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு கெண்டைக்கால் சதை தானாகத் துள்ளியது, தோலுக்கடியில் தலைப்பிரட்டை நெளிகிற மாதிரி இருந்தது, தொட்டுப் பார்த்தேன். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்று அழுதாள். திருநீறு பூசினோம், வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம், என்ன தின்கிறாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் இரண்டு கையும் இழுத்துக்கொண்டது. ஐந்து விரலும் குவிந்து, மணிக்கட்டு மடங்கி, கோயிலில் திருநீறு எடுத்துக் கொடுக்கிற கை போலவே நின்றது. அத்தை கண்டதுதான் தாமதம், ஓடிப்போய்த் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து அந்தக் கைக்கு அடியில் நீட்டி, “மாரியாத்தா வந்துட்டாடி, திருநீறு குடுக்குறா பாரு” என்று குலவையிட்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளை நிற்கிறாள், நாங்கள் வரிசையாக விழுந்து கும்பிடுகிறோம். அதைப் பெருமையாகப் போன கடிதத்தில் உனக்கும் எழுதினேனே, அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. நீயும் பதிலுக்கு, கணக்கெழுதும் கிராணி வேலையில் உயர்வு எப்போது என்று தங்கச்சியிடம் குறி கேட்டு எழுதியிருந்தாய். உன்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அப்புறம் செவ்வாய் வெள்ளி என்றால் வாசலில் கூட்டம். மாடு தொலைந்தவனும் மருமகளோடு சண்டை போட்டவளும் செம்பு செம்பாகப் பால் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்கள். சாமி வந்த உடம்புக்குக் கவிச்சி ஆகாது என்று அத்தை கருவாட்டையும் நிறுத்திவிட்டாள், ஒருவேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். விரதம் கூடக் கூடக் கை அதிகமாக இழுத்தது, கை இழுக்க இழுக்கக் கூட்டம் கூடியது. ஊற்றிய பால் முற்றத்தில் தேங்கிப் புளித்து, ஈ மொய்த்து, புழு வைத்து நாறியது. தினமும் சாம்பல் போட்டுக் கழுவினவள் நான்தான். இப்போதும் பால் காய்ச்சினால் அந்த வாடைதான் வருகிறது, குமட்டுகிறது. ஊரை நினைத்தாலும் குமட்டுகிறது, என்னை நினைத்தால் அதைவிட.

தைப்பொங்கல் கழிந்த வெள்ளியன்று அவள் தொண்டையே இறுகிக்கொண்டது. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது, உதடு நீலம் பாய்ந்தது, மடியில் இருந்த பிள்ளை நழுவியது, நான் தாவிப் பிடித்தேன். அப்போதும் அத்தை, “ஆங்காரமா வந்திருக்கா, சூடத்தப் பொருத்து” என்கிறாள். இந்த இரண்டு மாதமும் ஒன்றும் பேசாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற உன் ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார். “சாமின்னா அது தன்னைத்தானே பாத்துக்கிரும். எம்புள்ளையின்னா நாந்தான் பாக்கணும்” என்று சொல்லி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அத்தையும் தட்டோடு ஏறிக்கொண்டாள், விட மாட்டாளே.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். தாடை பூட்டிக்கொள்ளும் ஜன்னியோ என்று வாயைத் திறக்கச் சொன்னார், தாடை திறந்தது. வலிப்பா என்று கேட்டார், நினைவு ஒருநாளும் தப்பவில்லை என்றோம். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்து இரத்தமும் இல்லை என்றார். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார், வாயோரம் வெடுக்கென்று இழுத்தது. அதற்குள் கை கொஞ்சம் விரிந்திருந்தது. புஜத்தில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து அப்படியே வைத்தார். இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும், விரல் ஐந்தும் குவிந்து, மணிக்கட்டு மடங்கி, அதே திருநீறு கொடுக்கிற கை. அத்தை தடாலென்று ஆஸ்பத்திரித் தரையில் விழுந்து கும்பிட்டாள். டாக்டரம்மா காற்றைத் திறந்துவிட்டார், கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது. இன்னொரு தரம் அடித்து இன்னொரு தரம் வரவழைக்கட்டுமா என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். அப்படியே நான் பூமிக்குள் போயிருக்கலாம்.

உடம்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை, இருந்ததெல்லாம் பாலாகப் பிள்ளைக்குப் போய்விட்டது, அது வற்றினால் சதை இப்படித்தான் துடிக்கும் என்றார். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடுக்கலாமா என்று அத்தை கேட்டாள், அந்த அறிவைப் பார். நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடாய்ப் போகிறது ஆத்தா என்றாள் செவந்தி. விரல் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தது. இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். சொன்னேன். வீட்டில் மாடு இல்லையா என்றார். இரண்டு கறவை இருக்கிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார், அதற்கப்புறம் சொல்ல வேண்டியதையெல்லாம் உன் ஐயாவிடமே சொன்னார்.

பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது கண் துடிப்பு இல்லை, காலில் எப்போதாவது லேசாகத் துள்ளுகிறது, அதுவும் போய்விடும் என்றார்கள். ஊசி குத்தியதால் மாரியாத்தா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்று இரண்டு பெண்கள் செம்போடு வந்தார்கள், கதவைச் சாத்திவிட்டேன். ஆகவே மகனே, சொர்ணத்துக்குப் பத்தியம் என்று ஒன்றும் வேண்டாம். பால் கொடு, கேழ்வரகுக் கூழ் கொடு, முருங்கைக்கீரை கொடு, நெத்திலியை முள்ளோடு தின்னச் சொல், காலை வெயிலில் பிள்ளையோடு உட்காரட்டும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கட்டும். சதை துடித்தாலோ விரல் மரத்தாலோ சூடம் பொருத்தாதே, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. சுகமாகப் பெற்றுப் பிழைக்க இருவருக்கும் என் ஆசீர்வாதம், அது எவ்வளவு செல்லுமோ தெரியாது.

ஒன்றை எழுதாமல் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் கலைந்த பிறகு, செம்பின் அடியில் மிஞ்சியிருந்த பாலைச் செவந்தி அண்ணாந்து வாயில் விடப் போனாள். “ச்சீ, சாமிக்கு வந்ததை எச்சப் பண்ணாதடி” என்று அவள் கையில் ஓங்கி அடித்தேன். செம்பு உருண்டு போனது. அவள் அழவில்லை, சிந்தினதை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, உன் ஐயாவுக்கு இன்றுவரை தெரியாது. மறக்காமல் இந்த இடத்தைச் சொர்ணத்துக்கு இரண்டு தரம் படித்துக் காட்டு. நாளைக்கு நான் அங்கே வந்து மாமியார் என்கிற மிதப்பில் அவள் கையிலிருக்கும் டம்ளரைப் பிடுங்கினால், அது என்ன செய்த கை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையும் செவந்தியையும் பெற்ற
கண்ணாத்தாள்