ஆறு சாண் அகலம்

அனுமந்தன்பட்டி,
ஆவணி, இரண்டாம் வாரம்.

வண்டன்மேட்டில் இருக்கும் பாண்டீஸ்வரிக்கு, ஓவியாவின் அப்பத்தா சங்கிலியம்மாள் எழுதுவது. இங்கன எல்லாரும் சுகம். எல்லாரும்னா நானும் ரெண்டு ஆடும்தான். அங்கன நீயும் பிள்ளையும் சுகமா இருக்கணும். உங்க வீட்டுக்காரரையும் அவுக அம்மாவையும் விசாரிச்சதாச் சொல்லு.

போன்ல பேசினா என்னன்னு கேப்பே. என் காதுதான் உனக்குத் தெரியுமே. நீ பேசுறது தகர டப்பாவுக்குள்ள வண்டு கத்துற மாதிரி கேக்குது. பக்கத்து வீட்டுக் கிருபாவதி தினமும் ஜீப்பில் உங்க மலைக்குத்தான் ஏலக்கா பறிக்க வாரா, அவகிட்ட வாயால சொல்லிவிடலாம்தான். ஆனா ஜீப்பு கம்பம்மெட்டு ஏறுறதுக்குள்ள அதுல நெருக்கி உக்காந்திருக்கிற அத்தனை பொம்பளைகளுக்கும் நம்ம வீட்டுச் சேதி போய்ச் சேர்ந்துரும். அதனால இந்தக் காகிதத்தைச் சோத்துப் பருக்கை வச்சு ஒட்டி அவகிட்டக் குடுத்திருக்கேன். ஒட்டு பிரிஞ்சிருந்தா எனக்கு எழுது.

விசயம் இதுதான். ஓவியாவுக்கு ஒரு போர்வை தைக்கிறேன், துண்டுத்துணியைக் கட்டம் கட்டமா ஒட்டு வச்சு. போன குளிருக்குப் பிள்ளை மூக்கு ஒழுகிக்கிட்டே பள்ளிக்கூடம் போச்சுன்னு கிருபாவதி சொன்னா. கடையில விக்கிற போர்வை நாலு வெளுப்புக்குத் தாங்காது.

துணி விஜய்பாண்டியோட சட்டைகள். கருமாதிக்குச் சுருளி அருவியில தலைமுழுகினப்ப ஒரு வேட்டி சட்டையைத் தண்ணியில விட்டோம். மத்ததையும் விட்டுரச் சொன்னாக. செத்தவன் துணி வீட்ல இருக்கக் கூடாதுன்னாக. மோட்டார் ரூம்ல கரண்டு அடிச்சு எம்பிள்ளை விழுந்தப்ப எந்தச் சாத்திரம் ஓடி வந்து தூக்குச்சு? அஞ்சு சட்டையைப் பெட்டியில போட்டுப் பூட்டினவ, மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் திறந்தேன்.

ஒரு கட்டம் ஒரு சாண். அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஏழு. நாலேழு இருபத்தெட்டு. நான் அஞ்சாவதோட நின்னவதான், ஆனா பதினாறாம் வாய்ப்பாடு இன்னைக்கும் தட்டாமச் சொல்லுவேன். நெஞ்சுக்கு வர்ற இடத்துல உங்க கல்யாணத்துக்கு அவன் போட்ட சந்தனக் கலர் சட்டை. அதைச் சுத்தி வீரபாண்டித் திருவிழாவுக்கு எடுத்தது, நீலத்துல கோடு போட்டது. கால்மாட்டுல திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவானே, அந்தக் காக்கி. மயில்துத்தக் கறை இன்னும் திட்டுத் திட்டா நிக்குது. அந்தப் பக்கத்தை உள்ளுக்குத் திருப்பிரலாம்னு பார்த்தேன், கை வரலை. வெளியிலயே தெரியட்டும். ஒரு கட்டத்துல சட்டைப்பையைப் பிரிக்காம விட்டிருக்கேன், குளிருக்குக் கையை விட்டுக்குவா. அடியில கொடுக்க என் நூல்சேலை ரெண்டு இருக்கு.

துணி வெட்டியாச்சு. ஆனா அளவுலதான் எனக்குத் தைரியமில்லை. கிருபாவதி பேத்தியைப் பாயில படுக்கப்போட்டுக் கோடு கிழிச்சேன். அதுக்கும் இவ வயசுதான், ஆனா அது குட்டை வம்சம். நம்ம ஆளுக நெட்டை. ஒரு நூல் எடுத்து உச்சந்தலையில இருந்து குதிகால் வரைக்கும் பிடிச்சு, முடிச்சுப் போட்டுக் குடுத்துவிடு. கட்டில் அளவும் எழுது. போட்டோ அனுப்புன்னு நான் கேக்கலை. கூட்டிட்டு வான்னும் கேக்கலை. அளவு போதும்.

யார் துணி இதுன்னு உங்க வீட்ல கேட்டா ஒளிக்காதே. இன்னான் துணின்னு சொல்லு. பிள்ளை அங்கன யாரை அப்பான்னு கூப்பிடுதுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் விசாரிச்சதில்லை. ராத்திரி மூடிக்கிறதாவது பெத்தவன் துணியா இருக்கட்டும்.

கௌமாரியம்மன் பிள்ளைக்குத் துணையிருப்பா.

இப்படிக்கு,
சங்கிலியம்மாள்.


அனுமந்தன்பட்டி,
புரட்டாசி, கடைசி வாரம்.

மகள் பாண்டீஸ்வரிக்குச் சங்கிலியம்மாள் எழுதுவது.

உன் காகிதமும் நூலும் அப்பவே கைக்கு வந்துருச்சு. பதில் எழுத இவ்வளவு நாளானதுக்கு உடம்பு காரணமில்லை. மழை விடாமப் பெய்யுது. கொடியிலயே பழம் வெடிச்சுப்போச்சுன்னு ஊரெல்லாம் தலையில கை வச்சு உக்காந்திருக்காக. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன், என் காரணம் வேற.

முதல்ல நூலைத்தான் எடுத்தேன். ஒரு முனையைக் காலால மிதிச்சு, மறுமுனையை மேல இழுத்துப் பார்த்தேன். என் நெஞ்சுக்கு வருது. இங்கன இருந்து போறப்ப என் இடுப்புக்குக் கீழ நின்னவ. நூலைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். கிருபாவதி பேத்தியைவிட நாலு விரக்கடை கூட.

அப்புறம் காகிதத்தைப் படிச்சேன். அகலம் ஆறு சாண் வேணும், ரெண்டு பிள்ளைக படுக்கிற மாதிரி இருந்தா நல்லதுன்னு எழுதியிருந்தே. ரெண்டு பிள்ளைக யாருன்னு எனக்கு விளங்கலை. உங்க வீட்டுக்காரர் சுருளிராஜனோட அக்கா பிள்ளை எதுவும் வந்து தங்கியிருக்கோன்னு நினைச்சேன். கடைசி வரியில, இடமில்லாம ஓரத்துல நெருக்கி எழுதியிருந்தியே, உனக்கு ஆறு மாசம்னு, அதைப் படிச்ச பிறகுதான் கட்டில்ல கூடப் படுக்கப்போறது யாருன்னு தெரிஞ்சுச்சு. கிருபாவதிக்கு முன்னாடியே தெரியுமாம். பிறந்ததுல இருந்து அவ ஒரு சேதியை வயித்துக்குள்ள வச்சிருந்தது இதுதான் முதல் தடவை.

பொய் சொல்ல மாட்டேன் பாண்டீஸ்வரி. காகிதத்தை மடிச்சு அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டு ஊசியைத் தொடாம இருந்தேன். வெட்டினது இருபத்தெட்டு, எம்மகன் சட்டை அவ்வளவுதான், நாலு சாண் அகலத்தோட தைச்சு அனுப்புவோம், இன்னொரு பிள்ளைக்கு மூட அதோட அப்பன் சட்டை இருக்குல்லன்னு நினைச்சேன். நினைச்சதை எழுதிட்டேன். நீ கோவிச்சா கோவிச்சுக்க.

ஒரு நாள் மழையில ஆடு ரெண்டும் உள்ள வந்து படுத்துச்சு. எனக்கும் வேலையில்லை. கட்டங்களைத் தரையில பரப்பினேன். ஆறு சாண் அகலம், எட்டு சாண் நீளம், நாப்பத்தெட்டு வேணும். இருபது குறையுது. முதல்ல, குறையிறதைக் கரையா வச்சிருவோம்னு சுத்திப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா படுக்கிறது ரெண்டு பிள்ளைக. ஓவியா நடுவுல இருந்தா அந்தப் பச்சை மண்ணு கரையிலதானே கிடக்கணும்? சரி, இந்தப் பாதி இவளுக்கு, அந்தப் பாதி அதுக்குன்னு பிரிச்சுப் போட்டேன். நடுவுல வரப்பு வச்ச மாதிரி ஆயிருச்சு. ஒரே போர்வைக்குள்ள வரப்பு வச்சா, அதுக ரெண்டும் இழுத்துக்கிட்டுச் சண்டை போடுறப்ப, இது எங்கப்பா துணி, அது உங்கப்பா துணின்னு சொல்லும். அந்தச் சொல்லுக்கு நான் நூல் கோத்துக் குடுத்தவளா இருக்கணுமா?

அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு போடப்போறேன். ஒரு கட்டம் விஜய்பாண்டி, அடுத்த கட்டம் சுருளிராஜன். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் இழுத்து மூடினாலும் ரெண்டு பேரும் வருவாக. நெஞ்சுக்குன்னு தனி இடம் கிடையாது, கால்மாட்டுன்னும் கிடையாது. அந்தத் தம்பிகிட்டக் கேட்டு நாலு பழைய சட்டை குடுத்துவிடு. வேலைக்குப் போட்ட சட்டையா இருந்தா நல்லது, ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல புகை ஏறினதா இருந்தாலும் பரவாயில்லை. புதுசு வேண்டாம், ஒண்ணு மெதுவா ஒண்ணு விறைப்பா இருந்தா போர்வை சுருட்டிக்கிரும். சந்தேகமா இருந்தா அவுக அம்மாகிட்டயும் கேட்டுட்டே குடு. செத்தவன் துணியோட எம்மகன் துணியைச் சேர்க்கிறதான்னு அந்தம்மா சொன்னா அதுல தப்பில்லை. பெத்தவ அப்படித்தான் பயப்படுவா. எனக்குத் தெரியும்.

அவுக சம்மதிச்சா, இருபத்து நாலு அவன் பங்கு, இருபத்து நாலு இவர் பங்கு. என்கிட்ட நாலு கட்டம் மிஞ்சும். அதை நான் வச்சுக்கிறேன்.

இன்னொண்ணு கேக்கணும். ஓவியா பிறந்தப்ப உனக்குத் தாயில்லாத குறைக்கு இந்த வீட்லதான் பேறுகாலம் பார்த்தோம். இதுக்கு அங்கன யார் இருக்கா? அந்தம்மாவுக்கு முழங்கால் வலியாம், கிருபாவதி சொன்னா. மார்கழிக் குளிர்ல, அந்த மேட்டுல, ராத்திரி வலி கண்டா ஜீப்பு எங்கன இருந்து வரும்? மனசிருந்தா எட்டாம் மாசமே இங்கன வந்துரு. தம்பியும் வாரா வாரம் வந்து பார்த்துட்டுப் போகட்டும், நான் கதவைச் சாத்திக்கிற ஆளில்லை. இதைக் கிருபாவதிகிட்டச் சொன்னதுக்கு, அடுத்தவன் பிள்ளைக்கு நீங்க மருந்து இடிக்கப் போறீகளாக்கும், ஊரு சிரிக்கப் போகுதுன்னா. அடியே, அது ஓவியாவுக்குக் கூடப்பிறந்தது, ஓவியாவுக்குக் கூடப்பிறந்தது எனக்கு என்ன முறைன்னு நீயே யோசிச்சுச் சொல்லுன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே போயிட்டா, இன்னும் வந்து சொல்லலை.

அனுப்ப மாட்டோம்னு அவுக சொன்னா மல்லுக்கு நிக்காதே. இருக்கிற வீட்டோட ஒட்டி இரு. வென்னீரே குடி, ஈரத்துல நிக்காதே, சுமை தூக்காதே. பெத்துப் பிழை ஆத்தா. பிறந்த உடனே எனக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லு. முதல் வரியில நீ நல்லாருக்கேன்னு இருக்கணும். ஆணா பொண்ணான்னு ரெண்டாவது வரியில இருந்தாப் போதும்.

உன்,
சங்கிலியம்மாள்.