கதவைத் திறந்த பல்வலி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் உயிரோடு, ஓரளவு சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

உன் அத்தானுக்குப் பல் பிடுங்கியாகிவிட்டது. சிரிக்காதே, சொல்ல வந்த சேதியே அதுதான்.

நகரம் அழிந்த பிறகு நாங்கள் இந்தத் துணி மில்லுக்குள் அடைந்துகொண்டது உனக்குத் தெரியும். வாசல் காவல் அத்தானுடையது. ரயில் நிலையத்தில் தங்கியிருப்பவர்கள் தண்ணீர் கேட்டு வந்தபோது, எங்கள் கிணறு வற்றிவிடும் என்று பயந்து கல்லெறிந்து விரட்டியவரும் அவர்தான்.

போன மாதம் அவர் கன்னம் தலையணை மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆள் தேறமாட்டார் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. ரயில் நிலையத்தில் ஒரு பல் டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டுப் போய் நின்றேன். அந்த டாக்டரம்மாவின் தம்பி நெற்றியில் நம் அத்தானின் கல் பட்ட காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டது, மேல் பல்லா கீழ்ப் பல்லா என்பது மட்டும்தான்.

தனியாகத்தான் வந்தார். எங்கள் ஆட்கள் பையைச் சோதிக்க வேண்டும் என்றதும், தானே கொட்டிக் காட்டினார். அத்தான் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. கல்லெறிஞ்சது நீங்கதான்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன், இப்ப வாயைத் திறங்க என்றார் டாக்டர். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி! அத்தான் வாயைத் திறந்துவிட்டார்.

உடம்பு தேறியதும் அத்தான் யாரிடமும் கேட்காமல் வண்டியில் குடங்களை ஏற்றி ரயில் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். கிணறு கொஞ்சம் இறங்கியது உண்மை. அங்கிருந்தவர்களே வந்து தூர் வாரினார்கள். இப்போது முன்னைவிட நன்றாக ஊறுகிறது. டாக்டரம்மா பாதி நாள் இங்கேதான். பல் தேய்க்காதவர்களுக்குத் திட்டு நிச்சயம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது அவருடைய தம்பி. உங்கள் பக்கம் யாருக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்று பார்த்துவர அவராகவே புறப்பட்டார். நீங்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தானே இருந்தீங்க என்று சிரித்தார்.

உங்கள் வாசல் கம்பி இடுக்கில் இதை நீட்டிவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை அவர் வெயிலில்தான் நின்றுகொண்டிருப்பார். எழுந்து வாசலுக்குப் போ, கண்ணே. நீ நன்றாயிருப்பாய்.

உன் அக்கா