நொச்சி வைக்க விடாத இடம்

புதுச்சத்திரம்
ஈஸ்வர வருஷம், ஐப்பசி 25

அன்பு மகள் பொன்னாயிக்கு உன் அய்யன் எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மாடுகன்றுகளும் நல்லபடியாக இருக்கிறோம், ராமநாதபுரம் சீமையில் நீயும் உன் சங்கத்தாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. உன் கடிதம் மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. இரண்டு வருஷம் பாடுபட்டும் அந்த ஊர் வாலிபர்கள் கண்மாய் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை, வைத்த கன்றையெல்லாம் ஆடு தின்றுவிட்டது, சங்க வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் வாத்தியாரம்மா வேலைக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா உடனே வரச்சொல்லி எழுதுங்க என்றாள், நானும் அப்படி எழுதத்தான் இருந்தேன். அதற்குள் போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று நாள் விடாத மழையில் நம் ஏரி பதினோரு வருஷத்துக்குப் பிறகு நிரம்பியது. உச்சிப்பொழுதில் கரைமேல் போனேன், நம் சோளக்காட்டை ஒட்டின பக்கம் கரையில் தண்ணீர் கசிந்து மண் கரைந்துகொண்டிருந்தது. எந்த இடம் என்று உனக்குத் தெரியும். நீயும் நம் ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகளும் கரை நெடுக நொச்சியும் வெட்டிவேரும் வைத்துக்கொண்டு வந்தபோது, என் சோளத்துக்கு நிழலடிக்கும் என்று நான் மல்லுக்கு நின்று தடுத்தேனே, அந்த எட்டுக் கஜம்தான். மற்ற இடமெல்லாம் வேர் பிடித்துக் கல்லாக நிற்கிறது. கரை போனால் கீழே நாற்பது வீடும் போய்விடும் என்று ஊருக்குள் ஓடினேன், பாதி வழியில் வீரபாகு எதிரே வந்தான். அம்மாசி மகன், மேச்சேரிச் செம்மறி ஆடு மேய்த்தவன், உன் கன்றுகளை ஆட்டுக்கு விட்டுவிட்டான் என்று மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்து, நாலாம் நாள் அவனையே கன்றுகளுக்குக் காவல் வைத்தாயே, அவனேதான். இப்போது மீசை முளைத்துவிட்டது, நீ போட்ட சங்கத்துக்கு அவன்தான் தலைவன். மழை பிடித்த நாள் முதல் பிள்ளைகள் முறை வைத்துக் கரையைச் சுற்றி வருகிறார்களாம், எனக்கே தெரியாது. பதறாதீங்க சாமி, அக்கா சொல்லிக் குடுத்திருக்குதுங்க, மொதல்ல கோடியத் தொறந்து தண்ணிய எறக்கோணும் என்று சொல்லி மிச்சத் தண்ணீர் வெளியேறும் அந்தக் கோடிப் பக்கம் ஐந்து பேரை அனுப்பினான். மற்றவர்கள் பனைமட்டையும் வைக்கோலும் கொண்டுவந்தார்கள். சங்கத்தில் இருக்கும் அத்தாயி பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மணியக்காரர் வேலுசாமி, பொட்டப்புள்ளைக கரைமேல ஏறப்படாது என்றார். அப்பிடின்னா நீங்க கூடை புடிங்க மாமா, நாங்க மண்ணு வெட்டறோம் என்றாள் அத்தாயி. அவர் கூடையைப் பிடித்தார். களிமண்ணுக்கு எங்கே போவது என்று வீரபாகு கேட்டான், பதினைந்து நாளில் அறுப்புக்கு வரவேண்டிய என் சோளக்காட்டைக் காட்டி, இங்கேயே வெட்டு என்றேன். முதல் வெட்டு நானே வெட்டினேன். பொழுது இறங்குமுன் கசிவு நின்றுவிட்டது. உன் அம்மா கம்பங்கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள், எல்லாரும் சேறும் கையுமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து குடித்தோம், அந்த வரிசையில் மணியக்காரரும் இருந்தார் என்றால் நீ நம்பமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுக் கஜத்திலும் நானே நொச்சிக் குச்சி ஊன்றினேன். நேற்று ஐந்து ஊர்க்காரர்கள் வந்து, எங்க ஏரிக்கும் உங்க புள்ளைகள அனுப்புங்க என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகையால் மகளே, வேலையை விட்டு வராதே. வீரபாகு கரையில் நின்று ஆள் பிரித்து வேலை ஏவுகிற அளவுக்கு வர நாலு வருஷம் ஆயிற்று, உனக்கு அங்கே இரண்டுதான் ஆகியிருக்கிறது. அந்த ஊரில் கன்றைத் தின்னவிட்டவன் யார் என்று விசாரித்து, முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. அன்றைக்கு நான் தடுத்ததற்கு நீ என்மேல் கோபப்படவே இல்லை, பட்டிருக்கலாம். இதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா அழுதாள், பிறகு அப்பிடியே எழுதுங்க என்று சொல்லிவிட்டாள்.

மாரியாத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் தழைக்கட்டும். அங்கே காய்ச்சல் இருக்கிறதாகச் சொல்கிறார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க மறவாதே.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும் அய்யன்
தீர்த்தகிரி