நீல ஜாக்கெட் சேருதா?

மார்ச் 4, காலை 6.30

நிலவின் மறுபக்க வானொலி நிலையம். காற்றழுத்தம் சரி. மின்கலங்கள் சரி. ஆன்டெனா வரிசையில் ஒன்றைத் தவிர எல்லாம் இயங்குகின்றன. பணியாளர் ஒருவர்: இசக்கி. மிதிவண்டிப் பயிற்சி முடிந்தது.

எடையும் சரி. எண்ணை எழுத மாட்டேன். மருத்துவர் சொன்ன எடைக்கு நான் வந்த அன்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு, இனி அந்த எண்ணை வாயால் சொல்லாதே, கண்ணு பட்டுவிடும் என்றாள். அதனால் எங்கள் வீட்டில் வேறு அளவு. தங்கை கனியின் நீல ஜாக்கெட் எனக்குச் சேர வேண்டும். அதை மடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

கனிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. என்னுடையது பொருந்தும். இந்தப் பருமனோடு முடியாது என்றார் மருத்துவர். குறைத்தேன். அதற்குள் என் பணிமுறை வந்துவிட்டது. "மூணு மாசம்தானக்கா, டயாலிசிஸ்ல ஓட்டிருவேன்" என்று கனிதான் அனுப்பிவைத்தாள். நான் திரும்பியதும் அறுவைச் சிகிச்சை. எடை ஏறினால் தேதி தள்ளிப்போகும்.

மார்ச் 9, காலை 7.10

துணைக்கோள் தலைக்கு மேல் வந்தது. தினமும் இந்த ஒரு முறைதான் தொடர்பு. கனியின் குரல்:

"எக்கா, ஜாக்கெட் சேருதா? டயாலிசிஸ் ஊசி போடுத அண்ணன் ஒன்னையக் கேட்டாரு. நிலாவுல படுத்துத் தின்னுக்கிட்டு கெடக்கான்னு சொல்லிட்டேன். மிதிக்கா, மிதி. எனக்கு வாரது கொழுப்பில்லாத கிட்னியா இருக்கணும், ஆமா. சரி, வாரேன்."

பதில் அனுப்பினேன்: "சேருதுளா. மேல் கொக்கி மட்டும் மாட்ட முக்குது."

குறைக்கும்போது எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது எதுவும் மாறுவதில்லை. மாறாமல் இருப்பதற்காகத்தான் தினமும் மிதிக்கிறேன். அதற்குக் கைதட்ட கனி மட்டும்தான்.

மார்ச் 21, மாலை 4.00

காலைத் தொடர்பில் வந்த செய்தி: என்னை அழைத்துப்போக வேண்டிய கலத்தில் எஞ்சின் கோளாறு. மூன்று வாரம் தாமதம். கடலைமிட்டாய்ப் பொட்டலம் முழுவதையும் தின்றேன். மிதிக்கவில்லை. நாளை கனியிடம் மறைக்க மாட்டேன்.

மார்ச் 22, காலை 7.10

தின்றதைச் சொன்னேன். கனி: "தின்னது தின்னாச்சு. அதுக்கு ஒப்பாரியா? எந்திரிச்சு சைக்கிள்ல ஏறு. மூணு வாரம் நான் எங்கயும் ஓடிர மாட்டேன். வாரேங்க்கா."

ஏறினேன்.

மார்ச் 27, காலை 7.20

இரண்டு நாளாகக் கனி பேசவில்லை. லேசான காய்ச்சல் என்றது தரை நிலையம். இன்று குரல் வந்தது.

"அக்கா, உன் எடை அறுபத்தொண்ணு. ரொம்ப அருமை. விடாம தொடர்ந்து செய்."

கனி எண்ணைச் சொல்லிவிட்டாள். "எக்கா" என்று கூப்பிடவில்லை. "வாரேன்" சொல்லவில்லை. காய்ச்சல் அசதியாக இருக்கும்.

தரை நிலையத்திடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியில்கூட எழுந்து நின்று சந்தேகம் கேட்டதில்லை.

ஒரு மின்கலம் செத்துவிட்டது. வெப்பமூட்டியைப் பாதி நேரம் அணைத்துவைக்கிறேன்.

மார்ச் 29, காலை 7.25

கனிக்கு அனுப்பியது: "ஏளா, இன்னைக்கு அந்த நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கோ. ஒனக்கு சேருதான்னு பார்த்துச் சொல்லு."

மார்ச் 30, காலை 7.10

"போட்டிருக்கேன் அக்கா. நல்லா சேருது."

நீல ஜாக்கெட் என் மடியில் இருக்கிறது.

தரை நிலையத்திடம் கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்திக் கேட்டேன்.

மார்ச் 31, காலை 7.10

தரை நிலைய மருத்துவர்: "இசக்கி, எங்களை மன்னிச்சிடுங்க. இருபத்தி நாலாம் தேதி டயாலிசிஸ் நடக்கும்போதே கனிக்கு மாரடைப்பு. காப்பாத்த முடியல. அவங்க பழைய பதிவுகளை வெச்சு கம்ப்யூட்டர்தான் பேசுச்சு. நீங்க பயிற்சியை நிறுத்தினா எலும்பு பலம் போயிடும், பூமியில இறங்கும்போது உயிருக்கே ஆபத்து. நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தோம்."

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் துணைக்கோள் போய்விட்டது.

ஏப்ரல் 2

நேரம் பார்க்கவில்லை. மிதிக்கவில்லை. குளிர். மருத்துவக் கருவி தானாக அறிக்கை தந்தது: இரு சிறுநீரகங்களும் சிறப்பாக இயங்குகின்றன.

இரண்டும்.

ஏப்ரல் 5, காலை 7.30

இதை எடுத்துப் படிப்பவருக்கு. அந்தக் குரலை நிறுத்திவிடட்டுமா என்று நேற்று தரை நிலையம் கேட்டது. நான் பதில் அனுப்பவில்லை.

இன்று 7.10க்கு:

"எக்கா, ஜாக்கெட் சேருதா?"

எக்கா என்றே சொன்னது. யாரோ உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். கடைசியில் "வாரேன்" கூட இருந்தது.

ஜாக்கெட்டைப் போட்டேன். எல்லாக் கொக்கியும் மாட்டியது. சாப்பிடாததால் மேல் கொக்கிகூட முக்கவில்லை. மிதிவண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

பதில் அனுப்பினேன்.

"சேருதுளா."