எமில் கொடுத்த பந்து

மார்ச் 3, 2011, வியாழன்

பனி உருகத் தொடங்கிவிட்டது. வாசற்படி வழுக்காமலிருக்க மகள் கிளாரா உப்புத் தூவினாள், அரைகுறையாக. அவள் காரை எடுத்துக்கொண்டு போனதும் மீதியை நானே தூவினேன்.

தபாலில் இரண்டு. ஒன்று என் கணவர் எமில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து அணியின் அலுவலகத்திலிருந்து. பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக் ராய் லாட்டிமர் அணிந்த எண்ணை, அவரைக் கௌரவிக்க, இனி யாருக்கும் தருவதில்லையாம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி விருந்து. "அவருடைய சென்டரின் மனைவி" என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். எமில் டோம்கோ என்ற பெயர் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்று, தகர டப்பாவில் ஒரு படச்சுருள். எமிலின் பழைய பயிற்சியாளர் வீக்ஸ் குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் மகள் எழுதியிருக்கிறாள்: "இதை மிஸஸ் டோம்கோவிடம் சேர்க்கும்படி அப்பா சொல்லியிருந்தார்." டப்பாவின் மேல் பென்சிலில்: 1969, இறுதி ஆட்டம், கோல் கம்பத்தின் பின்னாலிருந்து.

டப்பாவைத் திறக்கவில்லை. அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 11, வெள்ளி

கிளாரா அதைக் கம்ப்யூட்டரில் பார்க்கும்படி மாற்றி வாங்கி வந்தாள். எமில் பந்தைக் கெடுத்ததாகச் சொன்ன அந்த ஒரு கட்டத்தை மட்டும் மெதுவாக ஓடவிடச் சொன்னேன்.

பதினொரு வருடம் சென்டராக நடுவில் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்தவரின் மனைவி நான். பந்தைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்பவர்களின் கால்களைப் பார் என்று எமில் சொல்லித் தந்திருக்கிறார். பார்த்தேன். பந்தைக் கேட்டு லாட்டிமர் கூவும் இரண்டாவது கூவலுக்கு முன்வரிசை ஐந்து பேரும் ஒரே நொடியில் எழுகிறார்கள். பந்து சரியான நேரத்தில், சரியான உயரத்தில் வருகிறது. அதை வாங்க வேண்டிய லாட்டிமரின் கைகள்தான் அங்கே இல்லை. அதற்குள் ஓரடி பின்னால் போய்விட்டான். பந்து அவன் தொடையில் பட்டுத் தரையில் விழுகிறது. அதோடு கோப்பை போயிற்று.

பக்கவாட்டிலிருந்து எடுத்த தொலைக்காட்சியில் இது தெரியவே இல்லை. "டோம்கோ சொதப்பினார்" என்று பத்திரிகைகள் எழுதின. ஏப்ரலில் அணி அவரை வெளியே அனுப்பியது. முப்பது வருடம் உருக்காலை. மீன் கடையில் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் அந்தக் காஸ்பர், "பாத்துப்பா டோம்கோ, நழுவ விட்டுடாதே" என்பான். கடையே சிரிக்கும். எமிலும் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

லாட்டிமர் உயிரோடு இருக்கிறான். நல்லது. இறந்தவனை என்ன செய்ய முடியும்?

மார்ச் 12, சனி

வெகுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 15, செவ்வாய்

விருந்து ஏற்பாடு செய்யும் பெண்ணிடம் தொலைபேசியில் பேசினேன். என் கணவர் நினைவாக ஒரு சிறிய படம் திரையிட விரும்புகிறேன் என்றேன். "அய்யோ, எவ்வளவு அழகான யோசனை!" என்றாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 18, வெள்ளி

லாட்டிமர் வந்தான். இறைச்சி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில், கையில் ஒரு முழுப் பன்றித்தொடையோடு! குவார்ட்டர்பேக் கிறிஸ்துமஸுக்குத் தன்னைக் காக்கும் முன்வரிசை ஆட்களுக்குப் பரிசு தருவது வழக்கம். அணியைவிட்டுப் போனவனுக்கு யாரும் தருவதில்லை. எமிலுக்கு மட்டும் அவர் சாகும்வரை வருடந்தோறும் பன்றித்தொடை வந்தது. நல்ல மனது என்று நினைத்து நானும் சூப் வைத்திருக்கிறேன், முட்டாள்.

சமையலறையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தான். கழற்றச் சொன்னேன்.

"வெரா, விருந்து ஏற்பாடு பண்ற பொண்ணு சொன்னா. அந்தப் படத்தைப் போடாதீங்க."

"ஏன்? அதுல நீங்க நல்லா அழகாத்தானே இருக்கீங்க."

"நான் முன்னாடியே கையை எடுத்துட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உள்ள போய்ப் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லத்தான் கிளம்பினேன். எமில்தான் என் சட்டையைப் புடிச்சு இழுத்தான். 'வாயை மூடுடா. அடுத்த வருஷம் இவனுங்க எல்லாம் உன்னை நம்பித்தான் நிக்கணும். சென்டர் வேற ஒருத்தன் கிடைப்பான்'னான்."

"கிடைச்சான். ஏப்ரல்லயே கிடைச்சான்."

"அவனே சொன்னது, வெரா. சத்தியமா."

"அவர் சொன்னதை நீங்க ஏன் கேட்டீங்க?"

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். பன்றித்தொடையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

எமில், நீ யாரு நம்ம பேரைத் தூக்கிக் கொடுக்க? என் பேரும் டோம்கோதானே? கிளாராவைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணினாங்களே, அதையும் கேட்டியா? ஒரு வார்த்தை — என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை — முப்பத்தெட்டு வருஷத்துல வாய் வரலையா?

ஏப்ரல் 10, ஞாயிறு

நேற்றைய விருந்துக்குச் சாம்பல் நிற உடுப்பு. முத்துமாலை. இருநூறு பேர் இருந்திருப்பார்கள்.

படம் ஓடியது. கூட்டம் வழக்கம்போல் கைதட்டியது. அவர்கள் கண்ணுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். முன் மேசையில் இருந்த, எமிலோடு முன்வரிசையில் நின்ற கிழவர்கள் நால்வர் மட்டும் தட்டவில்லை. எமிலுக்கு வலப்பக்கம் நின்று ஆடிய ஓட்டிஸ் கிரியர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"திருப்பிப் போடு," என்றார்.

திங்கட்கிழமைதோறும் இருட்டறையில் படம் போட்டு, எல்லோரையும் உட்காரவைத்து வீக்ஸ் சொல்லும் வார்த்தை அது. யார் தப்பு என்று சொல்லவே மாட்டார். தப்பு செய்தவனுக்குத் தெரியும்வரை திருப்பித் திருப்பிப் போடுவார்.

போட்டார்கள்.

"திருப்பிப் போடு." இப்போது இன்னொருவர்.

நான்காம் தடவையில் மற்ற மேசைகளுக்கும் புரிந்துவிட்டது. லாட்டிமரின் பேரப்பிள்ளை ஒன்று, "தாத்தா, நீங்க ஏன் அங்க நிக்கல?" என்றது. லாட்டிமரின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் மைக் முன்னால் நின்றிருந்தேன். பேச இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அது தேவைப்படவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க," என்றேன். இரண்டு வார்த்தைதானே கேட்டார்கள்? ஒன்று கூடுதலாகவே தந்தேன்.

ஏப்ரல் 14, வியாழன்

ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் பெரிதாக. படத்தோடு. எமிலின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15, வெள்ளி

மீன் கடை. இப்போது காஸ்பரின் மகன். பொட்டலத்தை இரு கையாலும் தந்தான். "அப்பா சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன், மிஸஸ் டோம்கோ."

"மீன் பழசு போலிருக்கே," என்றேன். வேறு மீன் கொடுத்தான்.

ஏப்ரல் 23, பெரிய சனி

பாவசங்கீர்த்தனம். கிளாராவிடம் கத்தியது, கர்வம், இரண்டு நாள் செபமாலை சொல்லாதது. பிறகு விருந்தைப் பற்றிச் சொன்னேன். ஃபாதர் மல்கஹிக்கு முன்பே தெரிந்திருந்தது, ஊருக்கே தெரியும்.

"அதுக்காக வருத்தப்படறீங்களா?"

"இல்ல, ஃபாதர்."

"கொஞ்சங்கூடவா?"

"லாட்டிமர் மனைவி அழுதாங்க. அதுக்கு வேணா, கொஞ்சம்."

"அது போதும், வெரோனிகா."

"போதாது, ஃபாதர். முழுசா வருந்தாம பாவமன்னிப்பும் இல்ல, நற்கருணையும் இல்லன்னு கன்னியாஸ்திரிகள்கிட்ட படிச்சவ நான்."

அவர் பெருமூச்சு விட்டது வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. "நாளைக்கு ஈஸ்டர்ம்மா," என்றார்.

"தெரியும்," என்றேன்.

ஏப்ரல் 24, ஈஸ்டர் ஞாயிறு

கோயில் நிறைய லில்லி. நற்கருணைக்கு எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை, மற்றவர்கள் கடந்து போக முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டேன். "உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்தில் இருந்த டோரதி குனிந்து கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன். நீ போ."

எழுபத்தொரு ஈஸ்டர்களில் இதுவே முதல் முறை. எமில் இருந்தால் கையைப் பிடித்து எழுப்பியிருப்பார். அப்போதும் நான் எழுந்திருக்க மாட்டேன்.